அப்பா தேடிய 'நாட்'

மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருந்த டைப்பிங் கடையில் அன்று காலை அப்பா இருந்தார், அம்மா இருந்தாள், நான் இருந்தேன், டைப் அடிக்கும் அக்கா இருந்தார். வக்கீல் சார் இல்லை. இங்கிலீஷைத் திருத்திச் சொல்லக்கூடியவர் அங்கே அவர் ஒருவர்தான். கோர்ட்டுக்குப் போயிருந்தார்.

எங்கள் வீட்டிலிருந்து காலேஜுக்குப் போகும் முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தால்தான் ஃபீஸ் கட்ட முடியும். தாசில்தார் சான்றிதழ் கையில் இருந்தது. அதோடு, பெற்றோர் பட்டதாரிகள் இல்லை என்று இங்கிலீஷில் ஓர் உறுதிமொழியும் வேண்டும் என்று காலேஜ் ஆபீசில் கேட்டிருந்தார்கள். அன்று மாலை நான்கு மணியோடு கெடு முடிகிறது.

தமிழ் மீடியத்தில் படித்தவன் என்றாலும் எனக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாக இருந்தது. 'நெய்தர் மை ஃபாதர் நார் மை மதர் இஸ் எ கிராஜுவேட்.' பெருமையோடு சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்து, ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினார்.

அப்பா பெயிண்டர். பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் முடிச்சூர் பக்கம் புதிது புதிதாக வந்த அடுக்குமாடிகளின் கேட்டில் 'நாட் அலவுட்' என்று அச்சு வைத்து அடித்து அடித்து, 'நாட்' என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தின் உருவம் அவருக்கு அத்துப்படி. ஸ்கிரீனில் அதைத் தேடினார்.

"நாட் எங்கடா?"

"வேணாம்ப்பா. நெய்தர்லயே 'இல்ல' வந்துடும்."

"தோ, இங்க ஒண்ணு கீது. கடசி எழுத்து தப்பா கீது பாரு." அவர் விரல் வைத்தது 'நார்' மேல்.

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது வேற வார்த்தைங்க."

"வேறயோ இன்னாவோ. சர்க்கார் பேப்பர்மா. 'இல்ல'ன்னு இருக்கணும். இல்லாங்காட்டி இவன் ஃபீஸ் போயிடும்."

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. தமிழில் சொல்லிப் பார்த்தேன்: அப்பாவும் பட்டதாரி இல்லை, அம்மாவும் பட்டதாரி இல்லை. இரண்டு 'இல்லை' வருகிறதே. 'நெய்தர்' ஒன்றே இரண்டு பேருக்கும் சேர்த்து மறுத்துவிடுகிறது, மேலே ஒரு 'நாட்' விழுந்தால் மறுப்பையே மறுத்துவிடும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"போட்டுடுங்கக்கா," என்றேன்.

வக்கீல் சார் வந்தார். வாக்கியத்தைப் படிக்காமலே இரண்டு கைநாட்டையும் பார்த்தார், முத்திரை குத்தினார். வண்டலூர் தாண்டி இருந்த காலேஜுக்கு மூவரும் பஸ் ஏறினோம். அம்மா வழக்கமாக மீன் விற்கும் இடத்தில் கூடையைப் பக்கத்துக் கடை அக்காவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். வழியெல்லாம் ஐஸைப் பற்றியே பேசினாள்.

காலேஜ் ஆபீசில் இருந்தவர் பேப்பரை இரண்டு முறை படித்தார்.

"ஏம்ப்பா, அப்பா அம்மா ரெண்டு பேருமே கிராஜுவேட்னு எழுதியிருக்கே. கீழ ரெண்டும் கைநாட்டா இருக்கு?"

"இன்னாடா சொல்றாரு?" என்றாள் அம்மா.

"நீங்க ரெண்டு பேரும் டிகிரி முடிச்சிட்டீங்களாம்மா."

அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்குத் தெரியாம எப்போய்யா முடிச்ச நீ?"

அந்த ஆபீசர் சிரித்துவிட்டார். ஆனால் பேப்பரை வாங்கவில்லை. "மாத்தி எடுத்துட்டு வாங்க. நாலு மணிக்குப் பூட்டிடுவேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, பெருங்களத்தூர் வந்ததும், "கேட்ல அடிக்கிறது வேற, பேப்பர்ல எழுதுறது வேற போலக்குது," என்றார். நான்தான் விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்க வேண்டும் என்று சொல்ல நினைத்தேன்.

டைப்பிங் கடை அக்கா அந்த மூன்று எழுத்தை அழித்து, காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தார். "போயிடுச்சாம்மா? இன்னொரு தபா பாரேன்," என்று அப்பா அவரையே கேட்டுக்கொண்டிருந்தார். மறுபடி கைநாட்டு, மறுபடி வக்கீல் முத்திரை. நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேப்பரைக் கொடுத்தோம். ஆபீசர் படித்துவிட்டு ஃபைலில் கோத்தார்.

இப்போது சிறுசேரியில் வேலை. தினமும் இங்கிலீஷில் மெயில் எழுதுகிறேன். 'நெய்தர்' வரும் இடத்தில் கை ஒரு நொடி நிற்கும். அந்த பஸ்ஸில் ஒரே சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது நினைவுக்கு வரும். அதற்குப் பிறகு மூவரும் சேர்ந்து எங்கேயும் அப்படிப் போகவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அம்மாதான் வாயாலேயே கூட்டினாள். புது முத்திரைத்தாள் இருபது, வக்கீலுக்கு மறுபடி நூறு, அம்மாவுக்கு மகளிர் இலவசம் போக எனக்கும் அப்பாவுக்கும் இரண்டாம் முறை பஸ் நாற்பது, அப்பாவுக்குப் போன அரை நாள் கூலி முந்நூற்று ஐம்பது, ஐஸ் கரைந்து வந்த விலைக்குத் தள்ளிவிட்ட மீனில் நஷ்டம் நானூறு. ஒரு 'நாட்'டுக்கு ஆன செலவு தொள்ளாயிரத்துப் பத்து ரூபாய்.