தப்பாலில் ஓர் எழுத்து

அந்தப் படிவத்தின் கார்பன் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. சேலைப் பெட்டியின் அடியில், என் ஞானஸ்நானச் சான்றிதழுக்குக் கீழே நாலாக மடித்துக் கிடக்கிறது. நீல எழுத்துகள் மங்கிவிட்டன. ஆனாலும் 'முன் தொழில்' என்ற கட்டத்தை வாசிக்க முடிகிறது. அதில் ஓர் எழுத்து குறைகிறது. கை தவறி விட்டதல்ல, நான்தான் எடுத்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலைநாட்டில், ஹற்றனில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எங்கள் மாணவர்களுக்கு ஓட்டம் பழக்கியவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். மைதானத்தில் சுற்றி ஓடுவது அவருக்குப் பிடிக்காது. பையன்களைத் தேயிலை மலைக்குள் ஏற்றிவிடுவார். புத்தகப் பையைக் கழற்ற விடமாட்டார். "பையில தொரை கடுதாசி இருக்குன்னு நெனச்சுக்கிட்டு ஓடுங்கடா" என்பார். பை முதுகில் ஆடக்கூடாது, வளைவுக்கு வளைவு தோள் மாற்ற வேண்டும், பனிக்குள் வாயைத் திறந்து மூச்சு விடக்கூடாது. கடைசி வளைவில் நின்று முகங்களை மட்டும் பார்ப்பார். முதலில் வருகிறவனைப் பாராட்டியதை நான் கேட்டதில்லை. மலைநாட்டுப் போட்டிகளில் எங்கள் பையன்களை யாரும் முந்தவில்லை. மாஸ்டர் பட்டாளத்தில் இருந்தவர் என்று பையன்கள் பேசிக்கொண்டார்கள். இந்தியாவில் பெரிய கல்லூரியில் பயின்றவர் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர் எதையும் மறுத்ததில்லை, எதற்கும் ஆமாம் போட்டதுமில்லை.

கல்லூரியை அரசாங்கம் பொறுப்பேற்ற பிறகு படிவங்கள் வந்தன. பயிற்சியாளராக இருக்கிறவர் எங்கே பிறந்தார், என்ன படித்தார், முன்பு என்ன வேலை செய்தார் என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால்தான் வேலை நிலைக்கும். மாஸ்டருக்கு வேலையோடு இன்னொன்றும் சேர்ந்து தொங்கியது. இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் ஆட்கள் பலருக்கும்போல அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பமும் முடிவாகாமல் கிடந்தது. இங்கே நிலையாகப் பிழைக்கிறேன் என்று காட்ட அவரிடம் இந்த வேலை ஒன்றுதான் இருந்தது. அவர் என் மேசைக்கு எதிரே தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முன் தொழில் என்ன என்று கேட்டேன். "தப்பால் ஓடுனேன் மிஸ். ஆறு வருசம்" என்றார்.

தப்பால் என்றால் தோட்டத்துக் கடிதப் பையைச் சுமந்து ஓடுவது, கூலி கொடுப்பது தோட்டம்தான், தபால் இலாகா அல்ல. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டு முடிவதற்குள் தோல் பையோடு இறங்கி, டவுன் தபால் கந்தோரில் கடிதங்களை வாங்கி, துரை சாப்பாட்டு மேசைக்கு வருமுன் பங்களாவில் சேர்க்க வேண்டும். பிந்தினால் அரைப்பேர்தான் விழும், பாதிநாள் கூலி. ஒருநாள் எங்கள் கல்லூரியின் பழைய அதிபர் பாதர் காரில் அந்த மலை ஏறியிருக்கிறார். வளைவில் முந்திப்போன தப்பால்காரன் குறுக்குப் பாதையில் ஏறி அடுத்த வளைவிலும் கார் முன்னால் நின்றானாம். மூன்றாம் வளைவிலும் அதே ஆள். பாதர் இறங்கிப் பெயர் கேட்டார். அப்படி வந்தவர்தான் மாஸ்டர். பாதர் சொந்த நாட்டுக்குத் திரும்பி அங்கேயே இறந்துபோனதால், இதைச் சொல்ல வேறு சாட்சி இருக்கவில்லை.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நானும் தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஓர் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவள். கன்னியாஸ்திரி மடத்தில் படித்து, டவுனில் அறை எடுத்து, பேச்சிலிருந்து தோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்துக்கொண்டிருந்த காலம் அது. தப்பால் என்ற சொல்லை வேறொருவர் வாயில் கேட்டாலே எனக்குக் காது சுட்டது. அந்தச் சொல்லோடு படிவம் மேலிடத்துக்குப் போனால் மாஸ்டரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். படிவத்தில் தோட்டம் என்பதையே விட்டேன். ஒரு 'ப்'பையும் விட்டேன். 'பூண்டுலோயா தபால் சேவை, ஆறு ஆண்டுகள்' என்று அடித்தேன்.

அவர் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஒரு எழுத்து விட்டுப் போச்சே மிஸ்."

"நல்ல தமிழ்ல அப்படித்தான் எழுதுவாங்க மாஸ்டர்."

"அப்படீங்களா" என்று கையெழுத்திட்டார்.

நாலு மாதம் கழித்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தபால் இலாகாவில் விசாரித்ததில் அப்படி ஓர் ஆள் எந்தக் காலத்திலும் வேலை செய்யவில்லையாம். பொய்த் தகவல் கொடுத்தது பெரிய குற்றம் என்றார்கள். அதிபர் அறையில் விசாரணை நடந்தது. கேள்வி பதிலைக் குறித்தெடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். இதை எழுதியது யார் என்று கேட்டபோது மாஸ்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் சொன்னதுதாங்க" என்றார். அதையும் நான் குறித்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பென்சில் முனை மழுங்கிவிட்டது, சீவ வேண்டும் என்று மட்டும் நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

வேலை போயிற்று. பிரஜாவுரிமை விண்ணப்பமும் தள்ளுபடியாயிற்று. ஊர் என்று சொல்லப்பட்ட, அவர் ஒருநாளும் பார்க்காத திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்கு மனைவி மக்களோடு புறப்பட்டார். ஹற்றன் ஸ்டேஷனில் பையன்கள் அழுதார்கள். வழியில் சாப்பிட நான் ஒரு பாண் பொட்டலத்தை நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டு ஜன்னல் வழியாகக் குனிந்தார். கேலியே இல்லாத குரலில்தான் கேட்டார்.

"அங்க போய் வேலை கேட்டா, முன்னாடி என்ன செஞ்சேன்னு எழுதச் சொல்றது மிஸ்?"

ரயில் நகர்ந்தது.

எத்தனையோ பேரின் கடிதங்களைச் சுமந்து ஓடியவரிடமிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை. அவருக்கு எழுத என்னிடம் முகவரி இல்லை. ஓய்வு பெறும்வரை அதே மேசையில் வேலை பார்த்தேன். சுத்தமான தமிழ் என்று எல்லோரும் மெச்சினார்கள். இதற்காக நான் அழுததில்லை. அழுகை வருகிறதா என்று சில நாள் காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

இன்று காலை நகலை விரித்து, தட்டச்சுக்காரர்கள் பிழை திருத்துவதுபோல 'த'வுக்கும் 'பா'வுக்கும் நடுவே கூம்புக் குறி போட்டு, மேலே 'ப்' என்று பென்சிலால் எழுதினேன். பிறகு வாய்விட்டு வாசித்தேன். தப்பால். என் அம்மா சொல்வதுபோலவே வந்தது. அடியில் அவருடைய கையெழுத்து இருக்கிறது, நல்ல தமிழ் என்று நான் சொன்னதை நம்பிப் போட்டது.