துளசியின் தானாக ஓடும் மிஷின்

துளசிக்கு மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் வீடு. பிறந்தநாள் வீடுகளுக்குக் காற்றடைத்த குதிக்கும் கோட்டையை வாடகைக்கு விடுவது அவள் தொழில். கோட்டை நிமிர்ந்து நிற்க, புளோவர் ஓயாமல் ஊத வேண்டும். கரண்டு கிடைக்காத திடல்களில் அதற்குப் பெட்ரோல் ஜெனரேட்டர்தான். அது போடும் கூச்சலில் கேக் வெட்டும் பாட்டுகூடக் கேட்காது.

ஒரு காலை, பசியாறிக்கொண்டிருந்தவளுக்கு ஒரு யோசனை உதித்தது. பாதி தோசையோடு எழுந்து, அண்ணன் ஜெயபாலனின் கார் ஏர்கான் பட்டறைக்குப் பறந்தாள்.

"அண்ணே, பேட்டரி மோட்டாரைச் சுத்தட்டும். மோட்டார் டைனமோவைச் சுத்தட்டும். டைனமோ பேட்டரியை ரொப்பட்டும். மிச்ச கரண்டுல புளோவர் ஓடட்டும். பெட்ரோலே வேணாம்லா!"

ஜெயபாலன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தான். "இத்தனை நாளா இது ஏன் ஒருத்தனுக்கும் தோணல?"

"ஒருத்தனும் கோட்டை வாடகைக்கு விடல, அதான்."

அந்த வாரமே லோரி பேட்டரிகள், மோட்டார், டைனமோ, பெல்ட், இன்வர்ட்டர் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில் ஏறின. சுவிட்சைத் தட்டியதும் மிஷின் கிர்ரென்று சுற்ற, புளோவர் ஊத, பட்டறையில் தொங்கிய காலண்டர் பறந்தது. அண்ணனும் தங்கையும் கைகோத்து ஆடினார்கள். ஆடிய களைப்பில், மேற்கொண்டு ஓட்டிப் பார்க்காமலே மூடிவிட்டுச் செண்டோல் குடிக்கப் போய்விட்டார்கள்.

கோலா கங்சார் பக்கம், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றின் திடலில் கலாதேவிக்குப் பிறந்தநாள். நாற்பது வயது. சின்ன வயதில் கோட்டையில் குதித்ததே இல்லை என்று, துளசியின் கோட்டையைத் தனக்காகவே வாடகைக்கு எடுத்திருந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஏற, கூட்டாளிகள் பின்னாலேயே ஏறினார்கள். ஒருத்தி குதித்தால் நாலு பேர் விழுந்தார்கள். கொண்டை அவிழ்ந்தது, வளையல் தெறித்தது, சிரிப்பு அடங்கவில்லை.

கொஞ்ச நேரம் போனதும் ஒரு கோபுரம் மெல்லத் தலைகுனிந்தது. பிறகு இன்னொன்று. துளசி மிஷினைப் பார்த்தாள். முக்கி முனகிச் சுற்றிய மோட்டார் அப்படியே நின்றுவிட்டது.

"அலாமாக்! துளசி, கோட்டை எங்களை முழுங்குது!" என்று கலாதேவி கத்தினாள். பெண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி உருண்டு வெளியே வந்தார்கள்.

கூடவே வந்திருந்த ஜெயபாலன் மோட்டாரைத் தொட்டுக் கையை உதறினான். "பானாஸ்! டைனமோவும் கொதிக்குது. பெல்ட்டு ரப்பர் வாடை அடிக்குது."

"கரண்டு எங்கண்ணே போச்சு?"

"எங்கயும் போகல. சூடாயிடுச்சு, சத்தமாயிடுச்சு. கரண்டைச் சுத்தாக்கி, சுத்தைத் திரும்பக் கரண்டாக்கினோம். மாத்துற இடமெல்லாம் ஒரு பங்கு சூடாப் போயிடுது. டைனமோ திருப்பிக் கொடுக்குறது எப்பவும் குறைச்சல்தான். அது எப்படிப் பேட்டரியை ரொப்பும்?"

துளசிக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் சரிந்து கிடந்த கோட்டையின் மேலேயே கலாதேவி மல்லாந்து படுத்துச் சிரிப்பதைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. வேனில் சும்மா கிடந்த பழைய ஜெனரேட்டரை இறக்கி, கயிற்றை இழுத்து ஓடவிட்டார்கள். கோட்டை எழுந்தது. பெண்கள் மறுபடியும் ஏறினார்கள்.

மறுநாள் பட்டறையில் துளசி மோட்டாரையும் டைனமோவையும் கழற்றி வைத்தாள். "சும்மா சுத்திச் சுத்திச் சூடாக்குறதுக்கு எதுக்கு? வீட்டுல சார்ஜ் பண்ணி எடுத்துட்டுப் போவோம். பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர், அங்கிருந்து நேரா புளோவர். போலே, முடியும்ல?"

"அப்பவும் இன்வர்ட்டர் சூடாகும்."

"ஆகட்டும். ஒரு பங்கை அது தின்னட்டும், மூணு பேரும் சேர்ந்து திங்க வேணாம்."

அதே பேட்டரிகள் இப்போது முன்னைவிட ரொம்ப நேரம் தாக்குப்பிடித்தன. அடுத்த மாதம் பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோப்பு விருந்தில் கோட்டை கடைசிவரை நிமிர்ந்தே நின்றது. பிள்ளைகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, துளசி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே தாவினாள்.