யாரும் பார்க்கக் கூடாத பக்கம்

ஜெசிந்தா இறந்துபோன செய்தி எங்கள் ஆஸ்பத்திரி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. மேலே ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், கீழே ஞாயிற்றுக்கிழமை டியூட்டி மாற்றம், நடுவில் "நம் முன்னாள் ஊழியர் ஜெசிந்தா காலமானார்" என்று ஒற்றை வரி. யாரோ ஒரு புண்ணியவான் அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். பிறகு கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அந்தக் குழுவில் அவரிடம் திட்டு வாங்காதவர் ஒருவர்கூட இல்லை என்பது இதைப் படிக்கும் உங்களுக்கே தெரியும். ஆகவே நல்லவர், பண்பானவர், சிரித்த முகம் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. சிரித்த முகமாம்! யார் பார்த்தது?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாகல் நகர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் அவர்தான் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். நான் லேப் பொறுப்பாளர். லேபில் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று முதல்முறை புகார் கொடுத்தபோது வந்தார், என் முதுகுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "மெஷின் நல்லாத்தான் ஓடுதுண்ணே. நீங்கதான் ஒரே பேர அழிச்சு அழிச்சு அடிக்கிறீங்க" என்று என் டெக்னீஷியன்கள் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை.

எனக்கு நடந்தது பரவாயில்லை. ரிசப்ஷனில் ஒரு பெண் பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கம்ப்யூட்டரிலேயே ஒட்டிவைத்திருந்தாள். ஜெசிந்தா அதைக் கிழித்தெடுத்து, நோயாளிகளைக் கூப்பிடும் மைக்கில் படித்தார். "ரிசப்ஷன் பாஸ்வேர்டு சொல்றேன், எல்லாரும் குறிச்சுக்கங்க." அது அவள் கட்டிக்கப்போகிற பையனின் பெயர். கூடமே சிரித்தது. அந்தப் பெண் அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. இப்படி ஒரு நெஞ்சழுத்தமா என்று நான் கேட்டதற்கு, "இனிமே ஒட்டுவாளா?" என்றார். அவள் ஒட்டவில்லை. ஆனாலும் அது கொடுமைதான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

எங்கள் மென்பொருளின் அடித்தளம் பழசாகி, புதிய பதிப்புக்கு மாறியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. சீட்டுப் போடுவது, லேப், மருந்தகம், நெய்க்காரப்பட்டி, சித்தையன்கோட்டைக் கிளைகள் எல்லாம் அதில்தான் ஓடின. நோயாளிகளின் விவரம் முழுவதும் இருக்கும் டேட்டாபேஸும், அதை நம் திரைக்குக் கொண்டுவந்து காட்டும் வெப் சர்வரும் அதுவரை ஒரே பெட்டிக்குள் கிடந்தன. பிரிக்க வேண்டும், முன்னால் ஒரு வாசல் சர்வர், அதற்குப் பின்னால் இரண்டு வெப் சர்வர்கள், பழைய பதிப்புக்கு ஒன்று, புதியதற்கு ஒன்று என்று கேட்டார் ஜெசிந்தா. ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்று ஆஸ்பத்திரி நிர்வாகச் செயலாளர் கூட்டத்தில் வைத்துச் சிரித்தார். "நம்ம ஆஸ்பத்திரிக்கே ரெண்டு வாசல் இருக்கே சார். ஆள் வர்றதுக்கு ஒண்ணு, பொணம் போறதுக்கு ஒண்ணு. ஒண்ண அடைச்சுருவமா?" என்றார் இவர். யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் இரண்டு சர்வருக்கும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. ஆஸ்பத்திரி வேலை நிற்காமல் அப்கிரேடு முடிந்தால் ஜெசிந்தாவின் வேலை நிரந்தரம். நின்றால் வீட்டுக்குப் போகலாம்.

வந்த நாளிலிருந்து அவர் ஒப்பந்த ஊழியர்தான். அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் சலுகைக் கட்டணத்தில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தம் ஓடும்வரைதான் அந்தச் சலுகை. நிரந்தர ஊழியர் என்றால் பெற்றோருக்குக் கடைசிவரை வைத்தியம் உண்டு. அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். வாய்விட்டு அதையும் கேட்டதில்லை.

பிறகுதான் அவருக்கு 'ஒயர்புடுங்கி' என்று பெயர் வந்தது. ஒன்று விழுந்தால் மற்றது தாங்குகிறதா என்று பார்க்க, கூட்டம் நெரியும் காலை வேளையில், ஒருவரிடமும் சொல்லாமல், இரண்டு சர்வரில் ஒன்றின் ஒயரைப் பிடுங்கிவிடுவார். பிடுங்கிவிட்டு ஒவ்வொரு பிரிவாக நடந்து எங்கள் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் ரத்தப் பரிசோதனை முடிவை அடித்துக்கொண்டிருந்தபோது திரை என்னை வெளியே தள்ளி மறுபடி பாஸ்வேர்டு கேட்டது. நான் கத்தினேன். ஒரு சர்வர் வழியாக உள்ளே போனவரை இன்னொரு சர்வருக்கு அடையாளம் தெரியவில்லை, அதுதான் கோளாறு. "யாருக்கும் தெரியக் கூடாதுண்ணே. உங்களுக்கே தெரிஞ்சிருச்சுன்னா நான் தோத்துட்டேன்" என்றார். அந்த 'உங்களுக்கே'யைக் கவனியுங்கள். திரும்பப் போய் அதைச் சரிசெய்து, திரும்ப ஒயரைப் பிடுங்கினார். இந்த முறை நான் தேநீர் குடித்துக்கொண்டே வேலையை முடித்தேன்.

கிளைகளில் முதலில் நெய்க்காரப்பட்டியைத்தான் புதிய சர்வருக்கு மாற்றினார். புதிய பதிப்பின் படங்களும் பொத்தான்களும் இருக்கும் கோப்புகள் இடம் மாறிப்போனதால் அங்கே வெறும் எழுத்தும் கோடும்தான் வந்தது. அங்கிருந்த நர்ஸ் போன் செய்தார். "ஏனுங்க மேடம், ஸ்கிரீனெல்லாம் எலும்புக்கூடாத் தெரியுதுங்க." ஜெசிந்தா பதற்றப்படவே இல்லை. "எக்ஸ்ரே எடுத்து அனுப்புங்க, பாக்குறேன்" என்றார். அதற்குப் பிறகு பழைய பதிப்பின் கோப்புகளையும் புதியதின் கோப்புகளையும் தனித்தனி இடத்தில் வைத்து, ஒன்று மற்றொன்றைத் தொடாதபடி செய்தார். அந்த நர்ஸ் அவரிடம் பிறகு பேசவே மாட்டேன் என்றாராம். நம் சங்கத்தில் இன்னொரு உறுப்பினர்.

எல்லாவற்றுக்கும் முன்னேற்பாடாக ஒரு பக்கமும் எழுதிவைத்தார். பின்னால் டேட்டாபேஸ் பதில் சொல்லாமல் போனால் வாசல் சர்வர் எல்லாத் திரைகளிலும் அதைக் காட்டும். மற்ற இடங்களில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று போடுவார்கள். இவர் போட்டது இது: "உள்ளே வேலை நடக்கிறது. கத்தினால் சீக்கிரம் முடியாது. உட்காருங்கள். – ஜெசிந்தா." செயலாளர் அதை எடுக்கச் சொன்னார். நான் அப்போது அந்த அறையில் இருந்தேன். ஜெசிந்தா சொன்னது இது.

"இத யாரும் பாக்க மாட்டாங்க சார். பாத்தாங்கன்னா நான் இங்க இல்லைன்னு அர்த்தம்."

அப்கிரேடு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அம்மாவை மாதா கோயிலில் விட்டுவிட்டு, ஞாயிறு பூசைகூடக் கேட்காமல் இங்கே வந்து உட்கார்ந்தார். அவசரப் பிரிவு அன்று முழுவதும் பழைய சர்வரில் ஓடியது. திங்கட்கிழமை காலை எல்லோரும் வந்து உட்கார்ந்து வழக்கம்போல் வேலை பார்த்தோம். முந்தின நாள் பழையதில் பதிந்ததெல்லாம் புதியதில் இருந்தது. மருந்தகத்தில் ஒருவர் என்னிடம் வந்து, "அப்கிரேடு அப்கிரேடுன்னாங்களே, எப்பண்ணே?" என்று கேட்டார்.

அதுவே அவருக்கு எமனாக வந்தது. அடுத்த கூட்டத்தில் செயலாளர், "ஒண்ணுமே நடக்கலையே. இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?" என்றார். ஒன்றுமே நடக்காத வேலைக்கு நிரந்தர ஆள் எதற்கு என்று முடிவாயிற்று. வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஒப்பந்தம் கைமாறியது. ஜெசிந்தாவுக்குக் கேக் வெட்டி, ஆஸ்பத்திரி பெயர் போட்ட சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். கேக்கை நீங்கள் எல்லோரும் தின்றீர்கள். நான் தின்னவில்லை, எனக்குச் சர்க்கரை. கடிகாரத்தை அவர் வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் அங்கேதான் ஓடுகிறது.

பிறகு ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். நலம் விசாரிப்பு எதுவுமில்லை. "அந்த ரெண்டாவது சர்வர் இருக்காண்ணே?" என்று கேட்டார். அதைக் கழற்றி, கூடத்து டிவியில் விளம்பரம் ஓட்டுவதற்குப் போட்டுவிட்டார்கள் என்றேன். "வாசல அடைச்சுட்டாய்ங்க" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார். அந்த அரசு ஆஸ்பத்திரியில்தான், அம்மா உள்ளே டயாலிசிஸில் படுத்திருக்க, வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போனார். அம்மாவை வெளியே கொண்டுவந்த பிறகுதான் எழுப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அடக்கத்தன்று காலை கூடத்து டிவியில் அவருடைய படத்தைப் போட்டுக் 'கண்ணீர் அஞ்சலி' என்று ஓடவிட்டார்கள். எந்தப் பெட்டியிலிருந்து ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. அதே காலையில், கூட்டம் நிரம்பி வழியும் நேரத்தில், கம்பெனிக்காரர்கள் ஏதோ புதுப் பதிப்பை ஏற்றுகிறோம் என்று நேரடியாக டேட்டாபேஸில் கைவைத்தார்கள். மாற்றிவிட வேறு சர்வர் கிடையாது. சீட்டுப் போடும் இடம், மருந்தகம், என் லேப், எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் வெளுத்து அந்தப் பக்கம் வந்தது. உள்ளே வேலை நடக்கிறது. கத்தினால் சீக்கிரம் முடியாது. உட்காருங்கள்.

கத்திக்கொண்டிருந்த சனம் கவுன்டர் திரையைப் படித்துவிட்டு ஒவ்வொருவராக உட்கார்ந்தது. கீழே இருந்த பெயரையும் டிவியில் இருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தது நாங்கள் மட்டும்தான். மைக் சம்பவத்தன்று சாப்பிடாமல் கிடந்த அந்த ரிசப்ஷன் பெண் அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. செயலாளர் ஓடிவந்து இதை யார் போட்டது என்று சத்தம் போட்டார், படித்தார், நின்றுகொண்டே இருந்தார். கம்பெனியிலிருந்து லேபுக்குப் போன் வந்தது. அந்தப் பக்கத்தை எப்படி எடுப்பது, அந்த மேடத்தின் நம்பர் வேண்டும் என்றார் ஒருவர். "சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துல இருப்பாங்க. நேர்ல வந்து கேட்டுக்கங்க தம்பி" என்று வைத்துவிட்டேன்.

அவருடைய படம் என்னிடம் கிடையாது, வேண்டியதும் இல்லை. அந்தத் திரையை மட்டும் போனில் படம் பிடித்து, அச்செடுத்து, லேப் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். முடிவு ஏன் இன்னும் வரவில்லை என்று கத்துகிறவர்களுக்கு அதைக் கைகாட்டுகிறேன். படித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். யார் இந்த ஜெசிந்தா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.