பொன்மலை மூன்றாம் நம்பர் ரூட்

சூடேறிய பிரேக் கட்டையின் ரப்பர் வாசனை... அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கால் பெடலைத் தேடும்.

எண்பத்து மூன்று. முழுப் பரீட்சை லீவு. எனக்குப் பதிமூன்று வயது. பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

சாயங்காலச் சங்கு ஊதினால் ரோடு முழுக்கக் கறுப்பு சைக்கிள்கள். அப்பா வந்து வண்டியைச் சுவரில் சாய்த்து, கை கால் கழுவி, காபி டம்ளரை எடுப்பார். அந்த நிமிஷத்திலிருந்து இருட்டும்வரை வண்டி என்னுடையது. ஆனால் மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முழுசாக இருக்க வேண்டும்.

எங்கள் குவார்ட்டர்ஸ் லைன் பிள்ளைகள் ஊரையே மூன்று ரூட்டாகப் பிரித்து வைத்திருந்தோம். பிரித்தவன் லூர்து. பக்கத்து வீடு, என்னைவிட ஒரு வயது பெரியவன், வாய் மட்டும் பத்து வயது பெரியது.

ஒன்றாம் நம்பர், குவார்ட்டர்ஸ் தார் ரோடு. வேப்ப மர நிழல், மேடு பள்ளம் கிடையாது. சீட்டுக்குக் கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டுகிறவர்களுக்கு.

இரண்டாம் நம்பர், ஞாயிற்றுக்கிழமை மட்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நுழைந்து, காவிரிப் பாலம் ஏறி, ஸ்ரீரங்கம் தாண்டி, கொள்ளிடக் கரையில் ஒற்றையடிப் பாதை. நடுநடுவே மணல். மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தினால் சக்கரம் புதையும். காலை ஊன்றாமல் கடந்தால் பாஸ்.

மூன்றாம் நம்பர், மலை. ஆடு இறங்குகிற தடத்தில் உச்சியிலிருந்து கீழே. பாறை, சரளை, கருவேல முள், நடுவில் கொண்டை ஊசி மாதிரி ஒரு திருப்பம். இதற்கு ஒரு சட்டம் உண்டு. கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாவற்றையும் அடிவாரத்தில் கழற்றிவிடலாம். கழற்றியவனே திரும்ப மாட்ட வேண்டும்.

கழற்றியவன். பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இடமே இல்லை.

நான் இரண்டாம் நம்பரை மூன்று தடவை பாஸ் பண்ணியவள். லூர்து அதே மணலில் குப்புற விழுந்தவன்.

"வசந்தா, நீ விழுந்தா உங்கம்மா என்னத்தான் வெளக்கமாத்தால அடிப்பாங்க. கீழ நின்னு டயம் எண்ணு, போதும்."

"நீ விழுந்தப்ப உங்கம்மா யாரடா அடிச்சாங்க?"

"அது வேற."

"என்ன வேற?"

இன்றுவரை யாரும் எனக்கு அதற்குப் பதில் சொல்லவில்லை.

எனக்கு அவசரம் இருந்தது. அம்மா தாவணித் துணியை எடுத்து வைத்துவிட்டாள். "ஸ்கூல் தொறக்கறப்ப தாவணி. அப்பறம் சைக்கிள் கிடையாது." லீவில் மிச்சம் ஒரு வாரம்.

புதன்கிழமை அப்பாவின் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கழற்றியதை எல்லாம் துண்டில் வரிசையாக வைத்தேன். பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியை மேலே தள்ளினேன். லூர்து முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தான். உச்சியில் மட்டும் ஒழுங்காகப் பேசினான். "பிரேக்க ஒரேயடியா அமுக்காத. விட்டு விட்டுப் புடி."

விட்டேன்.

முதல் பாறையிலேயே பல் கடகடத்தது. சரளையில் பின் சக்கரம் இடது பக்கம் ஓடியது, நான் வலது பக்கம் சாய்ந்தேன். காதில் காற்று... கையில் முள் கிழித்தது அப்புறம்தான் தெரிந்தது. திருப்பத்தில் வண்டி படுத்தது, எழுந்தது, நான் அதன் மேலேயே இருந்தேன். கீழே வந்து நின்றபோது பிரேக் கட்டை புகைகிற மாதிரி வாசனை. காலை ஊன்றவே இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் மாட்டினேன். தூசி துடைத்தேன். டயரில் முள் பார்த்தேன். ஒன்றை மறந்தேன்.

ஒர்க்‌ஷாப்பில் நட்டை முறுக்கி முடித்ததும், நட்டு மேலும் போல்ட் மேலும் சேர்ந்தாற்போல ஒரு சிவப்புப் பெயிண்ட் கோடு இழுப்பார்கள். நட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அப்பா சொந்த சைக்கிளுக்கும் அப்படித்தான் கோடு போட்டிருந்தார். உடைந்த கோடு அன்றைக்கே அவர் கண்ணில் பட்டது.

"கேரியரக் கழட்டுனது யாரு?"

"நான்தாம்பா."

"மாட்டுனது?"

"நான்தான்."

ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொரு நட்டாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"எங்க போன?"

"மலைக்கு."

"காலு ஊனுனியா?"

"இல்லப்பா."

எழுந்து உள்ளே போனார். கம்பு வரப்போகிறது என்று நினைத்தேன். பெயிண்ட் டப்பி வந்தது. பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, நான் முறுக்கிய நட்டுகளின் மேல் புதுக் கோடு இழுத்தார்.

அடுத்த வாரம் தாவணி வந்தது. சைக்கிள் போனது.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்கப்பா."

"அம்மா சொல்றதக் கேளும்மா. லைன்ல நாலு பேரு பேசுவாங்க."

என் நட்டில் குறை இல்லை என்று கையால் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதர், லைனில் நாலு பேருக்குப் பயந்தார். அப்பா இப்போது இல்லை. கோபம் இருக்கிறது. நல்ல மனிதர்கள் வாயை மூடிக்கொண்டதால்தான் எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றாம் நம்பரோடு ஊர் முடிந்துபோனது. லூர்துவுக்கு மலை அதற்கப்புறமும் பல வருஷம் கிடைத்தது. எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்.

போன மாதம் ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன், நண்பர்களே. முதல் வேலையாக மகளின் நெயில் பாலிஷை எடுத்து நட்டுகளில் கோடு இழுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரம்... ஹெல்மெட் போட்ட பிள்ளைகள், அதில் நாலு பெண்கள். ஒரு பையன் போனில் ரூட் மேப் காட்டினான். சுலபத்துக்குப் பச்சை, நடுவில் நீலம், கஷ்டத்துக்குக் கறுப்பு. கறுப்பில் விரலை வைத்தேன்.

"ஆன்ட்டி, இது எக்ஸ்பர்ட் ரூட்டுங்க. பச்சையில போங்களேன்."

"மூணாம் நம்பர்தானே தம்பி, தெரியும்."

பாதி மலைக்கு மேல் தள்ள மூச்சு இல்லை. அங்கிருந்தே இறங்கினேன். திருப்பத்தில் ஒரு தடவை காலை ஊன்றிவிட்டேன். லூர்து நின்றிருந்தால் ஃபெயில் போட்டிருப்பான்.

வீட்டுக்கு வந்ததும் குனிந்து பார்த்தேன். ஒரு கோடுகூட உடையவில்லை.