நெல்வா வீட்டில் நடந்த முதல் சண்டை

பிள்ளை நல்ல பிள்ளையாக இருக்கிறதே என்று கவலைப்பட்ட தாய் எங்கள் ஊரில் ஒருத்திதான். நெல்வா பூர்ஸ்மா. அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது நாற்பத்தொன்பது. பின்சீட்டைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டால், முன்னால் போகிற டிராக்டர்காரன் ஓரம் கட்டுவான். நான் பக்கத்து வீட்டுக்காரன், காதால் கேட்டவன்.

போன வருடம் மார்ச்சில் அவளும் புருஷன் ஹார்லனும் கொலம்பியாவுக்குப் போய், யூலியானா என்ற பன்னிரண்டு வயதுப் பெண்ணை மகளாகக் கூட்டி வந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போய்விட்டன. நெல்வா ஜெபம் பண்ணி முடிவெடுத்தாள் என்பார் எங்கள் போதகர். முடிவெடுத்துவிட்டுத்தான் ஜெபம் பண்ணினாள் என்பான் ஹார்லன்.

வந்த பெண் தங்கம். படுக்கையில் ஒரு சுருக்கம் இருக்காது. சொல்வதற்கு முன்னே பாத்திரம் கழுவியிருக்கும். தேவாலயத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். ஊரே புகழ்ந்தது. என் மனைவி ஜாய்ஸ் அந்தப் புகழை எங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் மருந்து மாதிரி வேளை தவறாமல் புகட்டினாள்.

நெல்வா மட்டும் எங்கள் சமையலறைக்கு வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வாள். "ஜாய்ஸ், அவ இன்னும் விருந்தாளியாத்தான்டி இருக்கா. எப்பதான் மகளா இருப்பா?"

காரணம் பிறகுதான் தெரிந்தது. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தத்து நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்து, கொலம்பியாவுக்கு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். மொத்தம் நாலு அறிக்கை. இரண்டாவது முடிந்ததும் யூலியானா மாட்டுக்கொட்டகையில் ஹார்லனிடம் போய், தன்னைப் பற்றி நல்லதாக எழுதினார்களா என்று கேட்டிருக்கிறாள். அவன் அதிகம் பேசாதவன், அதனால் அவளே மீதியையும் சொல்லிவிட்டாள். கொலம்பியாவில் அவள் இருந்த அநாதை விடுதியில் ஒரு பெண்ணை ஒரு குடும்பம் கூட்டிப் போய், எட்டாம் மாதம் திருப்பிக் கொண்டுவந்து விட்டதாம். நாலு அறிக்கையும் முடிகிறவரை தன் கதையும் அதுதான் என்று இவள் நினைத்திருக்கிறாள்.

ஹார்லன் சொல்லக் கேட்ட நெல்வா அன்றே நீதிமன்றக் காகிதத்தை எடுத்து, முத்திரையைக் காட்டி, நீ வரும்போதே எங்கள் மகள்தான் என்று விளக்கினாள். யூலியானா முழுவதும் படித்தாள், நன்றி சொன்னாள், பாத்திரம் கழுவப் போனாள்.

வாயால் சொல்லி ஆகாது என்று தெரிந்ததும் நெல்வா வேறு வழியில் இறங்கினாள். பிள்ளை ஒருமுறையாவது முரண்டு பிடிக்கட்டும் என்று வாரத்துக்கு மூன்று நாள் ஈரலும் வெங்காயமும் வறுத்துப் போட்டாள். பெண் நன்றி சொல்லித் தின்றாள். போதும் என்று மன்றாடியவன் ஹார்லன்தான். ஒரு சனிக்கிழமை காலையில் கோழிக்கூட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னாள். யூலியானா அதை முடித்துவிட்டு எங்கள் கூட்டையும் பண்ணட்டுமா என்று கேட்டு வந்தாள். என் பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள்.

இந்த மார்ச்சில் அந்த அம்மாள் கடைசியாக வந்து, அறிக்கைக் கோப்பை மூடி, இனி வரமாட்டேன் என்று கை குலுக்கினாள். வேறு யாரும் வரமாட்டார்களா என்று யூலியானா இரண்டு தரம் கேட்டாளாம். யாரும் இல்லை.

அடுத்து வந்தது ஞாயிறு. எங்கள் ஆட்களுக்குக் காலையில் ஓர் ஆராதனை, மாலையில் ஓர் ஆராதனை. மாலைக்கு வராமல் இருக்கக் காய்ச்சலோ பிரசவமோ வேண்டும். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நெல்வா கோட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். ஹார்லன் சபை மூப்பன், முன்னமே போய்விட்டான். யூலியானா மாடிப்படியில் ஒரு காலில் மட்டும் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் வரல."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. காலையில போனேன்ல? அதே ஆளு, அதே பேச்சு. இந்தக் கோட்டும் குத்துது."

நெல்வாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஒரு வருடமாக வீட்டுக்குள் எடுக்காத பேருந்துக் குரலை எடுத்தாள். வண்டியில் ஏறப்போன நான், நாகரிகம் தெரிந்தவன், சாவியைத் தேடுகிற மாதிரி நின்றுகொண்டேன். பெண்ணும் விடவில்லை. ஸ்பானிஷில் பாதி, ஆங்கிலத்தில் பாதி என்று திருப்பிக் கத்தினாள். சட்டென்று இரண்டு குரலும் நின்றன. அதற்கு மேல் நடந்தது நெல்வா ஜாய்ஸிடம் சொன்னது.

"இனிமே என்னைத் திருப்பி அனுப்ப முடியாதுல்ல?"

"என்னைக்குமே முடியாது."

"கோவம் வந்தாலும்?"

"இப்ப எவ்வளவு வந்திருக்குன்னு பாக்குறல்ல? இதுக்கு மேல எனக்கு வராது. நீ எங்கயும் போகப்போறதில்ல. மேல போய் உன் ரூம்ல உக்காரு."

யூலியானா போனாள். கதவை அறைந்தாள். அது எங்கள் முற்றத்துக்கே கேட்டது. நெல்வா கோட்டைக் கழற்றி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தேவாலயத்தில் அவள் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று எல்லாரும் ஹார்லனைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு போன் பண்ணிக் கேட்டுவிட்டு வந்து, "சண்டையாம்" என்றான். சிரித்த முகத்தோடு.

திங்கட்கிழமை நெல்வா எங்கள் சமையலறைக்கு வந்து முக்கால் மணி நேரம் புலம்பினாள். கதவின் கீல் போச்சு, அந்த வாய் யாரிடமிருந்து வந்தது, கோட்டு என்ன விலை தெரியுமா என்று. ஜாய்ஸ் பாவமே என்று உச்சுக் கொட்டினாள்.

"எதுக்குடி பாவம்? காபி ஊத்து. நான் இன்னும் பாதிகூடச் சொல்லல."