குணா தட்டிய நாலு தட்டு

குணாவின் மகள் அனுப்பிய செய்தி காலையில் கைப்பேசிக்கு வந்தது. முன்பெல்லாம் எதுவானாலும் மருமகளிடம் நீட்டி வாசிக்கச் சொல்வேன். போன வருடம் கோயில் மண்டபத்து வகுப்பில் எழுத்துக் கற்றதிலிருந்து யாரிடமும் கொடுப்பதில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு. 'அப்பா' என்று படித்தேன். 'இன்று' என்று படித்தேன். அடுத்த சொல்லுக்குப் போக மனம் வரவில்லை. நானாக வாசித்த முதல் சாவுச் செய்தி அவனுடையது.

உங்களில் பலருக்குக் குணசேகரனை ராக் பேண்டின் டிரம்மராகத் தெரியும். நான் அந்த பேண்டின் வேனை ஓட்டியவன். டிரம்களை ஏற்றி இறக்கியதும் நான்தான். குணா என்னைவிட மூன்று வயது இளையவன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் குச்சிகளை நாலு முறை தட்டுவான். அதில்தான் மற்றவர்கள் வேகம் பிடிப்பார்கள். வேனோடு பெர்ரிக் கப்பலில் கடல் தாண்டிப் போன பட்டர்வொர்த் கல்யாணம் ஒன்றில், பாடகர் இரண்டாவது தட்டிலேயே பாடத் தொடங்கிவிட்டார். குணா குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டான். "நீ முன்னால போ லா. நாங்க அடுத்த பெர்ரியில வரோம்" என்றான்.

பேண்ட் கலைந்து பல வருடம் கழித்து, முழங்கால் வலியோடு, தனியாக ஒரு சீடி போட்டான். எட்டுப் பாட்டு. அவனே எழுதி, கிட்டாரோடு அவனே பாடியது. "முப்பது வருஷம் மேடையில இருந்தேன் அண்ணே. சிம்பல் தகடு மறைச்சு என் மூஞ்சிய யாரும் பாக்கல" என்றான். டிரம்ஸே இல்லாத அந்தப் பாட்டுகளுக்கு முன்னாலும் அதே நாலு தட்டு. ஒலிப்பதிவு செய்தவர் வெட்டச் சொல்லியும் விடவில்லையாம். தனியாள் பாட்டில் யாருக்கு இது என்று கேட்டேன்.

"எனக்குத்தான். நானும் ஆரம்பிக்கணும்ல?"

சீடியோடு பாட்டு வரிகள் அச்சடித்த தாளும் தந்தான். மறுவாரம், வாசித்தீர்களா என்று கேட்டபோது, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்தான் என்னை வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

அவன் படுக்கையில் விழுந்ததும் தாளோடு ஆயர் ஈத்தாமில் இருந்த அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணே. வேன் ஓட்டுறப்ப ஒரு போர்டும் பாக்கமாட்டீங்க. மரத்தப் பாத்துத்தான திருப்புவீங்க? சரி, இப்ப வாசிங்க."

போகும்போதெல்லாம் ஒரு பாட்டு வாசித்தேன். எழுத்துக்கூட்டித் தடுமாறினால் மகள் எடுத்துக்கொடுக்க வருவாள். அவன் கையை உயர்த்தித் தடுப்பான். "அவர விடும்மா. வேகமா யார் வேணா அடிப்பான். மெதுவா அடிக்கிறதுதான் கஷ்டம்."

எட்டையும் அவன் கேட்கும்படி வாசித்துவிட வேண்டும் என்பதே என் ஆசை. ஏழு முடிந்திருந்தது.

எட்டாவதை, அவனை வீட்டிலிருந்து எடுக்குமுன் பெட்டியருகே நின்று வாசித்தேன். பத்து வரி. தூக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். மகள்கூட எடுத்துக்கொடுக்கவில்லை. தொடங்குமுன் என் விரல் பெட்டியின் ஓரத்தில் நாலு முறை தட்டியதைப் பிறகு அவள்தான் சொன்னாள்.

அந்தத் தட்டை நான் வைத்துக்கொண்டேன். இதை எழுத உட்கார்ந்தபோதும் பேனாவால் மேசையில் தட்டிவிட்டுத்தான் முதல் எழுத்தைப் போட்டேன். எழுதி முடிக்க ஐந்து நாளாயிற்று. குணா இருந்திருந்தால் அவசரப்படுத்தியிருக்க மாட்டான்.