பேய்ப் பாட்டுக்குப் போர்த்திய பொன்னாடை

பழைய போர்க்கவிதைகளில் வரும் பேய்கள் என்றால் எனக்கு அவ்வளவு ஆசை. சண்டை ஓய்ந்த களத்தில் இறங்கிப் பிணங்களைப் பிளக்கும். குடலை உருவி மாலையாகப் போட்டுக்கொள்ளும். மூளையையும் கொழுப்பையும் போட்டுக் கூழ் காய்ச்சி, மேலே நுரைக்கும் ரத்தத்தை ஊற்றிக் குடிக்கும். வெளிநாட்டு ரத்தக்காட்டேரிக்குக் கழுத்தில் இரண்டு ஓட்டை போதும். நம் ஊர்ப் பேய்க்கு ஒரு படையே செத்தாக வேண்டும்.

மயிலாப்பூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில், புதன்கிழமை காலைகளில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பழம்பாட்டுப் படிப்போம். பேய்ப் பகுதி வந்தால் என் தலையில் கட்டிவிடுவார்கள். நானும் சளைத்தவனில்லை. சப்புக்கொட்டி, விரலை நக்கிக் காட்டித்தான் பொருள் சொல்வேன். பாங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

போன வருஷம் ஒருநாள், அதற்காகவே எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கழற்ற மனமில்லாமல் அதைத் தோளில் போட்டபடியே தெருவில் நடந்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தெருமுனை இளநீர்க் கடையில் ஓர் ஆட்டோக்காரர் நின்று குடித்துக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த இரண்டு பேரில் ஒருவன் இறங்கி, தன் முதுகுச் சட்டைக்குள்ளிருந்து பட்டாக்கத்தியை உருவினான். முதல் வெட்டு தோளில். அடுத்தது, தடுக்க நீட்டிய கையில். மூன்றாவது கழுத்தோரம். பத்து எண்ணுவதற்குள் பைக் போய்விட்டது.

ரத்தம் நுரைத்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘நுரை என்று பாடியவன் நேரில் பார்த்துத்தான் பாடியிருக்கிறான்.’ ஒரு மனிதர் என் காலடியில் துடிக்கிறார், நான் பாட்டுக்குப் பொருள் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

“இன்னா சார் வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? அந்தத் துணியக் குடு!” என்று இளநீர் விற்கும் அம்மா கத்தினார்.

நான் கொடுக்கவில்லை. ஒரு நொடி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர்தான் பிடுங்கிக் கழுத்தில் வைத்து அழுத்தினார். பளபளவென்று இருந்ததே தவிர அது வெறும் பாலியஸ்டர். ரத்தத்தை உறிஞ்சவே இல்லை, வழுக்கிக்கொண்டு வழிந்தது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் முந்தானையைக் கிழித்து அழுத்தினார்.

அடிபட்டவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “பாப்பா... ஸ்கூலு வுட்ருவாங்க... கேட்டாண்ட நிக்கும்...”

வேறோர் ஆட்டோவில் அவரைத் தூக்கிப் போட்டோம். வெட்டுப்பட்ட கை தோலில் தொங்கியது. “ஆஸ்பத்திரிக்கு நான் கூடப் போறேன். நீ அவரு பொண்ணாண்ட போ சார். அடுத்த தெரு ஸ்கூலு, யூகேஜி,” என்று அந்த அம்மா என் நம்பரை வாங்கிக்கொண்டு ஏறினார்.

அடிபம்பில் கையைக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது மட்டும் போகவில்லை. பள்ளிக்கூடத்தை நெருங்கும்போது போன் வந்தது.

“பூட்டாரு சார். பாதி வழிலியே. பாப்பாவாண்ட ஒண்ணும் சொல்லாத. அவங்க அம்மாவுக்குச் சொல்லிக்கீறேன், வந்துனு கீது.”

மற்றப் பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். வாட்ச்மேன் பக்கத்தில் அவள் மட்டும், கழுத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள். அப்பாவுக்குத் தெரிந்தவன் என்று சொன்னேன்.

“எங்கப்பாவப் பாத்தியா தாத்தா?”

“பாத்தேம்மா.”

“இன்னா பண்ணிக்கினு இருந்தாரு?”

நகம் தெரியாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “இளநி குடிச்சிட்டு இருந்தாரு,” என்றேன்.

“அப்ப எனக்கும் வாங்கினு வருவாரு,” என்று சொல்லிவிட்டு, தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.